கடைக்கார அண்ணை பாராளுமன்றத்துக்கு நின்ற கதை: உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்

வென்ட்வொர்த்வில், சிட்னி

எங்கள் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் மத்திய தேர்தலில் சுயேச்சையாக நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரவில் டாக்ஸி ஓட்டிச் சேர்த்த காசில் போட்ட கடை. கடைக்காரன் தலையில் அரசாங்கம் ஏற்றும் படிவங்களைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கொள்கை.

பிரசாரம் எல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடிதான். மேசையில் இரண்டு பொட்டலம் கச்சான் (நிலக்கடலை) வைப்பார். "இது பச்சை, ஜிஎஸ்டி இல்லை. இது வறுத்து உப்புப் போட்டது, 10 சதவீதம். ரெண்டும் ஒரே கச்சான். மூன்று மாதத்துக்கு ஒருக்கா வரிக்கணக்குக் காட்டுற பாஸ் படிவத்தில் இதைப் பிரிச்சுப் பிரிச்சு எழுதுறது நான்." சாமான் வாங்க வந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, உப்புப் போட்டதை வாங்கிக்கொண்டு போனார்.

வேட்புமனுவில்தான் வேடிக்கை. கட்சி இல்லாதவருக்கு அந்தத் தொகுதி வாக்காளர் 100 பேர் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் ஏராளம், ஆனால் பாதிப் பேர் பிஆரில் (நிரந்தர வதிவிட விசா) இருக்கிறவர்கள், வாக்கு இல்லை. மிச்சத்தில் பலர் தெரு தாண்டி அடுத்த தொகுதி. அந்தக் கையெழுத்துகளுக்காக வீடு வீடாக நானும் போனேன். அதன்பிறகு 2,000 டொலர் கட்டுப்பணம். அதற்கும் மேலே தகுதிப் பட்டியல் என்று ஒன்று. உன் பெற்றோர் எங்கே பிறந்தார்கள், தாத்தா பாட்டி எங்கே பிறந்தார்கள் என்று எல்லாம் கேட்கிறது. அண்ணையின் தாயார் மலாயாவில் பிறந்தவர். தாயாரின் தகப்பனுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பாதி வீடு மலாயாப் பென்ஷனில்தானே ஓடியது! வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துப் பிறப்பால் மகனுக்கு இன்னொரு நாட்டுக் குடியுரிமை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வழக்கறிஞரிடம் போக வேண்டியதாயிற்று. ஊர்க் காணிக்காக எடுத்து வைத்திருந்த இலங்கை இரட்டைக் குடியுரிமையையும் விட்டார். அதைச் சொல்லும்போது மட்டும் ஆள் சிரிக்கவில்லை.

உங்கள் ஊர்களில் இப்படி யாரையாவது கண்டீர்களா?

மெல்பர்ன், கணக்காளர்

ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 44 ஆம் பிரிவு. வேறு நாட்டுக் குடியுரிமை இருந்தால் மத்திய பாராளுமன்றத்தில் இருக்க முடியாது. 2017 அக்டோபர் 27 அன்று உயர் நீதிமன்றம் ஒரே நாளில் ஐந்து பேரின் தெரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதில் ஒருவர் அப்போதைய துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ். நியூசிலாந்தில் பிறந்த தகப்பனால் வந்த வினை. செனட்டர் லாரிசா வாட்டர்ஸ் கைக்குழந்தையாகக் கனடாவை விட்டு வந்தவர், அவரும் போனார்.

எனக்கு மறக்காதது செனட்டர் கேட்டி கலாகர். பிரித்தானியக் குடியுரிமையை விடுவதற்குப் படிவமும் பணமும் அனுப்பியாயிற்று. வேட்புமனு நாளுக்குள் அங்கே பதிவாகவில்லை. 2018 மே மாதம் பதவி போனது. பிறகு மறுபடி வென்று வந்தார் என்பது வேறு கதை.

எங்கள் நாடும் சளைத்ததில்லை. ஜாய்ஸ் போன அடுத்த வாரமே கொழும்பில் கீதா குமாரசிங்கவின் எம்பி பதவியை நீதிமன்றம் பறித்தது. சுவிஸ் குடியுரிமையால்.

பிரிஸ்பேன், கஃபே நடத்துபவர்

நான் கோயம்புத்தூர். எங்க கஃபேவுக்கு ஒரு வேட்பாளர் வந்தார், ஃபிஜியில் பிறந்தவர், பெயின்ட் கடை வைத்திருப்பவர். நடைபாதையில் நாலு மேசை போட நான் அனுமதிக்கு அலைந்த கதையைச் சொன்னேன். "நான் போனதும் முதல் வேலை அதுதான்" என்றார். சார், அது கவுன்சில் வேலையாச்சே என்றேன். சரி, பேரோல் டாக்ஸ் (முதலாளி கொடுக்கும் சம்பளத் தொகை மீதான வரி) என்றார். அது மாநிலம். காபி ஆறிக்கொண்டிருந்தது. ஜிஎஸ்டியைச் சொல்லியிருந்தால் கூட அந்த வீதத்தை மாற்ற மாநிலங்கள் எல்லாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல மனுஷன்தான். ஆனால் கேன்பராவில் ஒரு எம்பி கைவைக்கக் கூடியது எது, முடியாதது எது என்று கடைக்காரனே பிரித்துப் பார்க்காமல் நிற்கிறான் என்றால் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. வருமான வரி, பாஸ், சூப்பர் எனும் ஓய்வுக்கால நிதி, வேலையாட்களின் சம்பள விதிகளைச் சொல்லும் அவார்ட், இவையெல்லாம் மத்திய அரசு. அந்த அவார்டை வாசித்து ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் கண்டுபிடிப்பதற்குள் ஞாயிறு முடிந்துவிடும். அதைப் பேசுங்கள், ஓட்டுப் போடுகிறேன்.

பெர்த்

44 இல் இன்னொரு உட்பிரிவும் இருக்கிறது, சிறு வியாபாரிக்கு அதுதான் கண்ணி. மத்திய அரசோடு ஒப்பந்தத்தில் பண நலன் இருந்தால் தகுதி போகும். 25 பேருக்கு மேல் உள்ள கம்பெனியில் பங்குதாரராக மட்டும் இருந்தால் விலக்கு. செனட்டர் பாப் டே வீடு கட்டும் தொழிலதிபர். தன் அலுவலகக் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தால் அவர் தகுதியிழந்தவர் என்று 2017 இல் தீர்ப்பானது. மத்திய அரசுக் கட்டடங்களில் கிளீனிங் கொன்ட்ராக்ட் வைத்திருக்கும் எங்கள் நண்பர் இதை வாசித்த அன்றே ஆசையை மூட்டை கட்டினார்.

வென்ட்வொர்த்வில்

பிரிஸ்பேன்காரர் சொன்னதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பெயின்ட் கடைக்காரரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்!

முடிவு கேட்டவர்களுக்கு: 4 சதவீதம் எடுத்தால்தான் கட்டுப்பணம் திரும்பும். எடுக்கவில்லை. வாக்குச்சாவடி வாசலிலிருந்து 6 மீட்டர் தள்ளி நின்று நானும் அவர் மகளும் நோட்டீஸ் கொடுத்தோம். வாங்கியவர்களில் பாதிப் பேர் வாக்குச்சாவடியில் சுட்டு விற்கிற சொசேஜ் வரிசைக்குப் போகிற வழியில் வாங்கியவர்கள். ஆனால் தோற்றும் பலன் இருந்தது. வேட்பாளர் எல்லாருக்கும் விருப்ப வரிசையில் இலக்கம் போட வேண்டிய வாக்குச்சீட்டு, ஆகவே அவருக்குப் போடுகிறவர்களின் இரண்டாம் விருப்பு வாக்குக்காகப் பெரிய கட்சி வேட்பாளர்கள் கடைக்கே வந்து கச்சான் கதையைக் கேட்டார்கள்.

அடுத்த முறை கவுன்சிலுக்கு நில்லுங்கள், அங்கே இந்த 44 எல்லாம் இல்லை, கடைக்காரன் கஷ்டத்தில் பாதி அங்கேதான் என்று சொல்லிப் பார்த்துவிட்டோம். குப்பை வண்டி விசயம் பேசத் தனக்குப் பொறுமை இல்லையாம்.