பிரேக் ப்ளீடிங்: 'குருதி வடிப்பு' வேண்டாம், 'காற்றெடுப்பு' போதும் (கூடவே 'ஆயில்' பத்தி ஒரு வேண்டுகோள்)

அண்ணா வணக்கம், குழுவில எல்லாருக்கும் வணக்கம்.

வீட்லயே காரோட பழைய பிரேக் திரவத்தை (எல்லாரும் பிரேக் ஆயில்னு சொல்றதுதான்) மாத்துறதுக்கு நாம தமிழ்ல எழுதிட்டிருக்க கையேடு, ப்ளீடிங்குக்கு, அதாவது பிரேக் லைன்ல மாட்டுன காத்தைத் திரவத்தோட சேர்த்து வெளிய விடுற வேலைக்கு, என்ன பேரு வைக்கிறதுங்கிறதுலயே நாலு நாளா நிக்குது. 'குருதி வடிப்பு'ன்னு வந்த யோசனையை நான் ஏத்துக்கல, காரணம் சொல்றேன். நம்ம ஊர்ல ஒண்ணு வடியுதுன்னா அது லீக். 'பிரேக் குருதி வடிக்கவும்'னு படிக்கிறவரு குழாய் ஓட்டையாயிடுச்சுன்னுதான் நினைப்பாரு, நாமளா திறந்து விடுற வேலைன்னு அவருக்குத் தோணவே தோணாது. நேரடி மொழிபெயர்ப்பே தப்புன்னு சொல்ல வரல. நான் இருக்கிறது நாமக்கல், பக்கத்துல கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, அதுவும் இங்கிலீஷ்ல இருந்து அப்படியே பெயர்த்த சொல்லுதான், ஆனா கொண்டை ஊசியை எல்லார் வீட்லயும் பார்த்திருக்கோம், அதனால அது சின்னப் பசங்க வாயில கூட வருது. குருதிக்கும் பிரேக்குக்கும் அப்படி ஒரு உருவம் நம்ம கண்ணுல வரல.

போன ஞாயித்துக்கிழமை என் பழைய ஆல்ட்டோவுக்கு நானும் என் தம்பியும் சேர்ந்து மாத்துனோம், அப்ப எங்க வாயில என்ன சொல்லு வருதுன்னு கவனிச்சுக்கிட்டே செஞ்சேன். முதல்ல பிரேக் திரவம் ஊத்துற டப்பாவுல இருந்த பழசை ஊசி போடுற சிரிஞ்சால உறிஞ்சி எடுத்துட்டு புதுசை ஊத்தினோம், அப்புறம் பெடலை மிதிச்சா திரவத்தைத் தள்ளிவிடுற மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்ப தூரத்துல இருக்கிற பின்பக்க இடது சக்கரத்துல ஆரம்பிச்சோம், திரவத்தை வெளிய விடுறதுக்குன்னு சக்கரத்துப் பக்கம் இருக்கிற சின்னத் திருகான நிப்பிள்ல, உள்ள போறது தெரியிற ஒரு பிளாஸ்டிக் டியூபை மாட்டி மறுமுனையை பாட்டில்ல விட்டாச்சு. தம்பி சீட்ல உக்காந்து பெடலை அமுக்குவான், நான் ஸ்பேனரால நிப்பிளை கால் சுத்து திறப்பேன், டிகாஷன் மாதிரி கறுப்பா வரும், பெடல் கீழ போனதும் 'புடி, புடி'ன்னு கத்திக்கிட்டே நான் மூடுவேன், மூடுனதுக்கு அப்புறம்தான் 'விடு'. மூடாம விட்டா வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும். அமுக்கு, புடி, விடு, இந்த மூணு சொல்லு தாண்டி எங்களுக்கு எதுவும் தேவைப்படல, அதனால கையேட்டுலயும் 'அழுத்தி நிலைநிறுத்துக'ன்னு எல்லாம் எழுத வேண்டாம், இதையே போடுவோம்.

இப்ப பேருக்கு வரேன். ஒர்க்‌ஷாப்புல யாருமே ப்ளீடிங்னு அதிகம் சொல்றதில்ல, 'ஏர் எடுக்கணும்'பாங்க. பெடல் பொதபொதன்னு இருந்தா 'லைன்ல ஏர் இருக்கு, எடுத்துரலாம்'. அதையே தமிழாக்கி 'காற்றெடுப்பு'ன்னு வைக்கலாம்னு நான் சொன்னதுக்கு, எடுக்கிறதுன்னா உள்ள வாங்குற மாதிரி தொனிக்குதேன்னு ஒரு நண்பர் கேட்டிருந்தார். களை எடுக்கிறோம், பேன் எடுக்கிறோம், சொத்தைப் பல்லு எடுக்கிறோம், முள்ளு எடுக்கிறோம், இருக்கக்கூடாதது இருந்தா நாம 'எடுக்கிறது'தான். களையெடுப்பு மாதிரி காற்றெடுப்பு. ஒரே ஒரு சிக்கல் எனக்கே தெரியுது, எங்க ஊரு லாரி ஊரு, லாரிக்கு ஏர் பிரேக், அங்க காத்து இல்லேன்னாதான் பிரச்சனை, கார்ல காத்து இருந்தா பிரச்சனை. அதனால கையேட்டோட முதல் வரியிலயே இது திரவத்துல ஓடுற கார் பிரேக்குக்கு மட்டும்னு எழுதிடணும்.

அந்த நிப்பிளுக்கு 'மடைத்திருகு'ன்னு வைக்கலாமான்னு கேக்குறேன். வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறவங்க மடை திறக்கிறது, மடை அடைக்கிறதுன்னு சொல்றதுதான் இதுவும், வேணுங்கிறப்ப திறந்து வேணுங்கிற அளவு விட்டு அடைக்கிறது. உருவத்துல திருகு, வேலையில மடை.

காற்றெடுப்பும் திரவம் மாத்துறதும் ஒண்ணு இல்லேன்னும் பிரிச்சுக் காட்டணும். நிப்பிளைத் திறக்கிறது மூடுறது ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா முன்னதுல குமிழ் நிக்கிற வரைக்கும், பின்னதுல கறுப்பு போயி வெளிர் மஞ்சள் வர்ற வரைக்கும். ரெண்டாவதுக்கு 'திரவ மாற்று'ன்னே இருக்கட்டும்.

எதுக்கு மாத்தணும்னு சொல்ற பகுதியில 'ஈரம் உறிஞ்சும் தன்மை'ன்னு பள்ளிப் பாடப்புத்தகச் சொல்லையே போட்டிருக்கோம். தப்பில்ல, ஆனா எனக்கு 'நீர் கோர்த்தல்' பிடிச்சிருக்கு. தலையில நீர் கோத்துக்கிச்சுன்னு அம்மா சொல்லுவாங்கல்ல, வெளிய தெரியாம உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா சேர்றது, அதேதான் இங்கயும் நடக்குது, கிளைக்கால் (glycol) வகை திரவம், அதாவது சாதாரணமா கார்ல ஊத்துற பிரேக் திரவம், ரப்பர் ஹோஸ் வழியாவும் மூடி வழியாவும் காத்துல இருக்கிற ஈரத்தை வாங்கிக்கிட்டே இருக்கும். டாட் 3 (DOT 3, இது திரவத்தோட தர வகை) புதுசா இருக்கிறப்ப குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாது, 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தா அந்த அளவு 140ன்னு ஆயிடுது. டாட் 4க்கு 230, நீர் கோத்தா 155. இந்த ரெண்டு எண்ணுக்கும் 'புதுக்கொதிநிலை', 'ஈரக்கொதிநிலை'ன்னு பேரு வைக்கலாம். கொல்லிமலையில காரவள்ளி வரைக்கும் பிரேக்குல காலை வெச்சுக்கிட்டே இறங்குனா சக்கரத்துல பிரேக் பிடிக்கிற காலிப்பரோட சூடு திரவத்துக்கு ஏறி, கோத்த தண்ணி ஆவியாகும், திரவம் அமுங்காது ஆனா ஆவி அமுங்கும், மிதிக்கிற மிதி எல்லாம் ஆவியை அமுக்குறதுலயே தீந்துபோயி பெடல் தரையைத் தொடும். நிறைய கம்பெனிங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்க மாத்தச் சொல்றது இதுக்காகத்தான்.

இனி என் வேண்டுகோள். இதை 'ஆயில்'னும் 'எண்ணெய்'னும் எழுதவே வேண்டாம். எங்க தெருவுல ஒரு பெரியவர், பிரேக் ஆயில் குறைஞ்சிருக்குன்னு யாரோ சொன்னதைக் கேட்டு, வீட்ல மிச்சம் இருந்த இன்ஜின் ஆயிலை நல்ல மனசோட டப்பாவுல ஊத்திட்டார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, ஆயில்னு சொன்னோம், ஆயிலை ஊத்தினார். பிரேக் உள்ள இருக்கிற ரப்பர் கப்பு கிளைக்கால் திரவத்துக்குன்னு செஞ்சது, பெட்ரோலிய எண்ணெய் பட்டா உப்பிடும். அவிழ்த்தப்ப நான் பக்கத்துல நின்னு பார்த்தேன், விரல் நுனி அளவு இருக்க வேண்டிய கப்பு ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி பெருத்து உதட்டை மடிச்சுக்கிட்டு இருந்துச்சு, மாஸ்டர் சிலிண்டர் கிட்டுல இருந்து நாலு சக்கரத்து ஹோஸ் வரைக்கும் எல்லாம் மாத்த வேண்டியதாப் போச்சு. ரோட்டுல போகுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சது பெரிய புண்ணியம்.

அதே மாதிரி 'நீர்மம்'கிற சொல்லும் இங்க மட்டும் வேண்டாம், நல்ல தமிழ்ச்சொல்தான், நானே மத்த இடத்துல எழுதுவேன், ஆனா இந்த டப்பாவுக்கு எதிரியே நீர், அதைப் பேருலயே வெச்சா அவசரத்துல ஒருத்தர் தண்ணி ஊத்தினாலும் கேக்க முடியாது. 'பிரேக் திரவம்'னு முடிச்சுக்கலாம். பிரேக்குக்கு நிறுத்தி, தடுப்பின்னு பட்டியல் வந்திருக்கு, மூடி மேல டாட் 3ன்னு பார்த்து அதே டாட் 3 வாங்கப் போறவருக்கு கடையில புரியிற சொல்லு வேணும், அதனால பிரேக் அப்படியே இருக்கட்டும். யாழ்ப்பாணத்து நண்பர்கள் 'பிறேக்'னு எழுதுறதும் சரிதான், உங்க பக்கத்து கராஜ்ல இந்த வேலைக்கு என்ன சொல்றாங்கன்னு கேட்டு எழுதுங்க, காற்றெடுப்பை விட நல்லதா இருந்தா மாத்திடலாம்.

வர்ற ஞாயிறு பக்கத்து வீட்டு வண்டிக்குச் செய்யப்போறோம், அங்க 'மடையைத் திற, மடையை அடை'ன்னு சொல்லிப் பார்த்துட்டு, பெடல்ல உக்காந்திருக்கவருக்கு சட்டுன்னு புரியுதான்னு எழுதுறேன் அண்ணா.