பாய்சியில் வாடகை வீடு: அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். கணவருக்கு மைக்ரான் என்ற சிப் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் பாய்சிக்குக் குடிபோகிறோம்.

அலுவலகம் ஊரின் தென்கிழக்கு ஓரத்தில். பக்கத்து ஊரான மெரிடியனில் வீடுகள் நிறையக் கண்ணில் படுகின்றன, ஆனால் அது மேற்கே. தினமும் ஐ-84 நெடுஞ்சாலை நெரிசலில் போய்வர வேண்டும். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆற்றங்கரை கிரீன்பெல்ட் பாதைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் மகளோடு நடந்தே நாலு இடம் போகலாம் என்று ஆசை. அந்தப் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இப்போது என்ன வாடகை?

பெரிய கவலை காற்றுதான். மகளுக்கு ஆஸ்துமா. கோடையில் காட்டுத்தீப் புகை. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி, மாசும் கலையாமல் நின்றுவிடுமாம். அடுக்குமாடி வீட்டில் ஏசி, ஃபில்டர் விஷயத்தில் எதையெல்லாம் கேட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்? மலையடிவார மேட்டில் இருக்கும் வீடுகளில் அந்த நாட்கள் கொஞ்சம் தேவலையா? குழந்தையோடு அங்கே இருப்பவர்கள் இதற்கு மட்டுமாவது பதில் சொல்லுங்கள், ப்ளீஸ்.

ஐடஹோவில் வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. லீஸ் புதுப்பிக்கும்போது உங்களுக்கு எவ்வளவு ஏற்றினார்கள்? ஜூலைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.