டேவிட் லெட்டர்மேனின் அரங்கில் அமர்ந்து சிரித்த ஒரு மாலை

அமெரிக்கப் பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பல்லாண்டுகள் நடத்திய நகைச்சுவையாளர் டேவிட் லெட்டர்மேனை நேரில் சந்தித்ததுண்டா என்று கேட்பவர்களிடம், அவருடன் கைகுலுக்கியதில்லை, படம் எடுத்துக்கொண்டதும் இல்லை, ஆனால் அவர் தம் நிகழ்ச்சியை நடத்துகையில் அதே கூரையின் கீழ் இருந்து சிரித்திருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அவர் ரசிகர் கூட்டத்துக்குள் இறங்கித் தோள்மேல் கைபோட்டு நிற்கும் மனிதரல்லர். மேடைக்கு வெளியே ஒதுங்கியே வாழ்ந்தவர். ஆகவே அவரைக் கண்டதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோரின் அனுபவம், நியூயார்க்கின் பிராட்வேயில் உள்ள எட் சல்லிவன் அரங்கில் ‘லேட் ஷோ’ ஒளிப்பதிவைக் கண்ட அனுபவமாகவே இருக்கும். என்னுடையதும் அதுவே.

இரவு பதினொன்றரை மணிக்கு மேல் ஒளிபரப்பான நிகழ்ச்சியாயினும் பதிவு நடந்தது பகலில்தான். இலவச நுழைவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தவர்களை நிகழ்ச்சிக் குழுவினர் தொலைபேசியில் அழைத்து, நிகழ்ச்சி தொடர்பான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். உண்மையாகவே பார்ப்பவரா, ஊர் சுற்ற வந்த இடத்தில் பொழுதுபோக்காக நுழைபவரா என்று பிரித்தறியும் வழி அது. அரங்கை ஒட்டிய தெருவில் ‘ஹலோ டெலி’ என்ற சிற்றுண்டிக் கடையை நடத்திவந்த ரூபர்ட் ஜீயைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். அவரை நிகழ்ச்சியில் பலமுறை கண்டிருந்த எனக்கு விடை சொல்லக் கணப்பொழுதும் தேவைப்படவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் உணர்ந்தது குளிர். பார்வையாளர் சோர்ந்துவிடாமல் விழிப்புடன் இருந்தால்தான் நன்றாகச் சிரிப்பார்கள் என்று அவர் அரங்கை எப்போதும் குளிராகவே வைத்திருந்தார் என்பது கேள்விப்பட்ட செய்திதான். ஆயினும் மேற்சட்டையை இறுக்கிக்கொண்டு அமர்ந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. 1964-இல் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக முதன்முறை நேரலையில் பாடிய இடம் அது. தொலைக்காட்சியில் பரந்து தெரியும் அரங்கம், உட்கார்ந்து பார்க்கையில் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. பின்வரிசையிலிருந்துகூட அவர் முகம் சுளிப்பதைக் கண்ணால் காணலாம்.

பால் ஷாஃபரின் இசைக்குழு முழங்கத் தொடங்கியபின், பதிவுக்கு முன்னரே லெட்டர்மேன் மேடைக்கு வந்து பார்வையாளரிடம் சில சொற்கள் பேசினார். யாரோ கேட்ட கேள்விக்கு விடை சொன்னார். திரையில் வராத அந்தச் சில நிமிடங்களைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கேட்டவர் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கிடவே இல்லை. கேள்வியிலிருந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதை மீண்டும் மீண்டும் திருப்பிப் பார்த்து, கேட்டவரே சிரிக்கும்படி ஆக்கினார். பதிவு தொடங்கியதும் அவர் மேடையின் குறுக்கே ஓடிவந்தார். நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். விளம்பர இடைவேளைகளில் இசை காதைப் பிளந்துகொண்டிருக்க, அவர் மேசைமேல் குனிந்து தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அதைச் சிலர் செருக்கு என்பார்கள். அடுத்த நகைச்சுவை சரியாக விழுமா என்ற கவலை அந்த முதுகில் எழுதியிருந்தது என்பதே என் எண்ணம். அத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் ஒருவர் அப்படிக் கவலைப்படுகிறார் என்பதைக் கண்டபின் அவர்மேல் எனக்கிருந்த பற்று பன்மடங்கானது.

அவரை ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்பதற்கு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவர் வாசித்த ‘டாப் டென்’ என்ற பத்து வரி நகைச்சுவைப் பட்டியலையோ, அவர் பின்னால் வீசும் அட்டைகள் ஜன்னல் கண்ணாடியை உடைப்பது போன்ற ஒலியையோ மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். சிரிக்க வைப்பதற்காக அமர்ந்திருக்கும் அதே நாற்காலியிலிருந்து சிரிப்பே இல்லாமல் பேசவும் அவருக்குத் தெரிந்திருந்தது. 2000 ஜனவரியில் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. பிப்ரவரி 21 அன்று திரும்பி வந்தவர், தம்மைக் காப்பாற்றிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் மேடைக்கு அழைத்து நிறுத்தி, நாத்தழுதழுக்க நன்றி சொன்னார். 2001 செப்டம்பர் 17 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலால் நகரமே துயரில் கிடந்தபோது, வழக்கமான தொடக்க நகைச்சுவையைக் கைவிட்டு மேசையில் அமர்ந்து பேசினார். துணிவு வேண்டும் என்றவர், துணிவிருப்பதாக நடிப்பதும் உண்மையான துணிவுக்கு ஈடானதே என்று தம் அனுபவத்திலிருந்து சொன்னார். எனக்கு நெருக்கடி நேர்ந்த காலங்களில் அச்சொற்களைத் தேடிப் பிடித்துப் பலமுறை கேட்டிருக்கிறேன். 2002 அக்டோபர் 30 அன்று, குணப்படுத்த முடியாத புற்றுநோய் கண்டிருந்த பாடகர் வாரன் ஸீவானை ஒரே விருந்தினராக அமர்த்தி, நிகழ்ச்சி முழுவதையும் அவருக்கே கொடுத்தார். சாவைப் பற்றி நேராகக் கேட்டார். பரிதாபம் காட்டவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. ஒவ்வொரு சான்ட்விச்சையும் ரசித்து உண்ணுங்கள் என்ற ஸீவானின் புகழ்பெற்ற விடை பிறந்தது அந்த இரவில்தான்.

‘டுநைட் ஷோ’ என்ற பின்னிரவு நிகழ்ச்சியை அவருக்கு முன்னரே நடத்திப் புகழ்பெற்ற ஜானி கார்சன்மேல் அவர் கொண்டிருந்த மதிப்பும், ஒரு ரசிகன் எப்படி இருக்கவேண்டும் என்பதை எனக்குக் காட்டியது. ஓய்வு பெற்ற கார்சன், வீட்டிலிருந்தபடி நகைச்சுவைத் துணுக்குகளை எழுதி லெட்டர்மேனுக்கு அனுப்பிவந்திருக்கிறார். 2005 ஜனவரியில் கார்சன் மறைந்தபின் நடந்த முதல் நிகழ்ச்சியில் லெட்டர்மேன் வழக்கம்போலத் தொடக்க உரையை நிகழ்த்திவிட்டு, பிறகுதான் அதிலிருந்த துணுக்குகள் எல்லாம் கார்சன் எழுதியவை என்றார். மறைந்தவருக்கு ஓர் அரங்கம் நிறையச் சிரிப்பை வாங்கிக் கொடுத்த அந்த அஞ்சலிக்கு இணையான ஒன்றை நான் தொலைக்காட்சியில் கண்டதில்லை.

2009 அக்டோபர் 1 ஒளிபரப்பையும் சொல்லியாக வேண்டும். தம்மை ஒருவர் பணம் கேட்டு மிரட்டியதையும், தம்மிடம் பணியாற்றிய பெண்களுடன் தமக்கு உறவு இருந்ததையும் அன்று அவரே சொன்னார். அரங்கிலிருந்தவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று புரியாமல் சிரித்தது ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அடுத்த வாரம் மனைவியிடமும் பணியாளர்களிடமும் மன்னிப்புக் கேட்டார். முதலாளி என்ற இடத்தில் இருந்துகொண்டு அவர் செய்தது தவறு. அவர் அதை ஒளிக்காமல் சொன்னதால் அத்தவறு குறைந்துவிடாது. பற்று வைத்த மனிதரைப் பற்றி இதையும் சேர்த்துச் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பற்றுக்கு மதிப்பில்லை என்று கருதுகிறேன்.

1982 பிப்ரவரியில் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய அவருடைய பின்னிரவுப் பயணம், 1993-இல் சிபிஎஸ்ஸுக்கு மாறி, 2015 மே 20 அன்று நிறைவுற்றது. அவரைப் பார்த்தே இராதவர்களுக்குப் பழைய பகுதிகள் பல அவருடைய யூடியூப் சேனலில் கிடைக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப்பின் திரும்பி வந்த அந்த நிகழ்ச்சியை முதலில் பாருங்கள். அதன்பின் ஸீவானின் பேட்டியை, இடையில் நிறுத்தாமல், முழுதாகப் பாருங்கள். டாப் டென் பட்டியல்களை அவற்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.