கப்பல் சுற்றுலா எல்லாருக்கும் ஒத்துவருமா? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஜோசப், தூத்துக்குடி

புக்கெட் பத்தோங் கடற்கரையில் நின்ன அந்தப் புதுமணத் தம்பதி இன்னும் மனசை விட்டுப் போகலை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல ஆளை ஏத்திப் போற கடைசி டெண்டர் படகு கப்பலுக்கு வந்தாச்சு, தூக்கி மேலே கட்டியும் ஆச்சு. கரையில் இருந்த கப்பலோட துறைமுக ஏஜென்ட் ரேடியோவில் சொல்றார்: "பையன் போனை நீட்டிக் காட்டிட்டே இருக்கான். மணி 4.20தான், 5 மணி வரைக்கும் படகு உண்டுன்னு போட்டிருக்கேங்கிறான்."

போன் காட்டினது சரியான நேரம்தான். ஆனா அது தாய்லாந்து நேரம். சிங்கப்பூர் ஒரு மணி நேரம் முன்னாடி. சிங்கப்பூர்ல கிளம்புற கப்பல் பல நேரம் தாய்லாந்து வந்தும் தன் கடிகாரத்தை மாத்தாது. கப்பல்ல அப்போ மணி 5.20. கரையில் இறங்கி சிக்னல் கிடைச்சதும் போன் தானா உள்ளூர் நேரத்துக்கு மாறிடும், யாரும் கவனிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, படகுல இறக்கிவிடுற ஊர்ல ரெண்டு நேரம் உண்டு. கப்பல் கிளம்புற நேரம் வேற, கடைசி டெண்டர் நேரம் வேற. ஏழுக்குக் கிளம்பும்னா கடைசிப் படகு அஞ்சு, அஞ்சரைக்கே போயிடலாம்.

கப்பல் நேரத்தைக் காட்ட ஒரு சாதா கைக்கடிகாரம் கட்டிக்கோங்க, இல்லைன்னா போன்ல தானியங்கி நேர மாற்றத்தை நிறுத்துங்க. கப்பல்ல தர்ற தினசரி நிகழ்ச்சித் தாள்லயோ கப்பல் ஆப்லயோ 'கப்பல் நேரம்'னு போட்டிருக்கும், இறங்குமுன் அதைப் போட்டோ எடுங்க. கப்பல் நடத்துற டூர்ல போய் பஸ் தாமதமானா கப்பல் காத்திருக்கும், இல்லைன்னா அடுத்த துறைமுகத்துக்கு அவங்களே கொண்டுவந்து சேர்ப்பாங்க. சொந்தமா டாக்சி பிடிச்சுப் போனா அந்தப் பொறுப்பு முழுக்க உங்களோடது. பாஸ்போர்ட்டை ஏஜென்ட்கிட்ட கொடுத்துட்டு கப்பல் போயிடும். விமான டிக்கெட், ராத்திரி ஓட்டல், துணிமணி எல்லாம் உங்க காசுல.

மணி பார்க்காம சுத்துறதுதான் சுகம்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒத்துவராது. அந்தப் பொண்ணு கையில ரெண்டு இளநி இருந்துச்சாம்.

செல்வா, திருச்சி

ஜோசப் அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் ஒரு கடிகாரம் வாங்கினால் தீர்ந்துவிடும் விஷயம். தீராத சிக்கல் ஊர்தான்.

எங்களிடம் மத்தியதரைக் கடல் பயணம் பதிவு செய்த குடும்பம் ஒன்று. ரோமைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெரியவரின் நெடுநாள் ஆசை. மதியம் 1.30க்கு கொலோசியம் வாசலிலிருந்து மகள் போன் செய்கிறார். உள்ளே போக 3 மணி டிக்கெட்தான் கிடைக்கிறதாம், 3 மணிக்கு அவர்கள் ரயிலில் இருந்தாக வேண்டும். பின்னால் அவருடைய அப்பா "பரவாயில்லம்மா, வெளியிலிருந்தே பார்த்தாச்சு" என்று சொல்வது கேட்டது. அந்தக் குரலைத்தான் மறக்க முடியவில்லை.

பட்டியலில் 'ரோம்' என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ சிவித்தாவெக்கியாவில், ரோமிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். கணக்குப் போடுங்கள். காலை 7க்குக் கப்பல் கட்டினால் இறங்க 8 ஆகும். துறைமுக வாசலுக்கு ஷட்டில் பஸ், அங்கிருந்து ரயில் நிலையம், பிறகு ரோமின் தெர்மினி நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயில். ஊருக்குள் கால் வைக்க 10 அல்லது 10.30. மாலை 6.30க்குள் ஏற வேண்டுமானால் 3 மணிக்கு ரோமைவிட்டுக் கிளம்புவதுதான் பத்திரம். கையில் இருப்பது நாலரை மணி நேரம். அதற்குள் வத்திக்கானும் கொலோசியமும் இரண்டுமே என்றால் இரண்டுமே அரைகுறை. வத்திக்கான் மட்டும் போதும் என்பவர்கள் சான் பியெத்ரோ நிலையத்திலேயே இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகம் மூடியிருக்கும், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. கொலோசியத்துக்கு நேரம் குறித்த டிக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிவிட வேண்டும்.

மற்ற ஊர்களும் இப்படித்தான். 'பாங்காக்' என்றால் லேம் சபாங், சாலையில் இரண்டு மணி நேரம். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 'கோலாலம்பூர்' என்றால் போர்ட் கிளாங். வெனிஸில் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஊர் நடுவில் உள்ள சான் மார்கோ சதுக்கத்தின் பக்கம் வரக்கூடாது. பழைய விளம்பரப் படத்தை நம்பி, அறையிலிருந்தே வெனிஸ் பார்க்கலாம் என்று பால்கனி அறைக்குப் பணம் கட்டாதீர்கள்.

விசாவும் கேட்பவர்களுக்காக. விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே கப்பல் ஏறித் திரும்பினால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும், சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டாம் முறை நிரப்ப வேண்டும். ஐரோப்பியப் பயணத்தில் நடுவே துருக்கியோ மொராக்கோவோ இருந்தால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் அப்படித்தான். சியாட்டிலில் ஏறும் அலாஸ்கா கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கும். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால் அப்படி. ஆகவே நம்மவர்கள் கனடா விசாவையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஊர் பார்க்கப் போகிறவர்கள் கப்பலில் போக வேண்டாம். கப்பலையே பார்க்கப் போகிறவர்கள் போகலாம்.

மீனா, நர்ஸ்

ஊரைப் பத்தியே பேசுறீங்க. அறையை விட்டே வெளியே வரமுடியாதவங்களை யார் பார்க்கிறது?

ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஒரு அம்மாவை மகன் கைத்தாங்கலா கிளினிக்குக் கூட்டிட்டு வந்தார். நடக்கிற வழியெல்லாம் சுவரோட மரக் கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாங்க. பெஞ்சுல உட்கார்ந்த பிறகும் அந்த விரல்கள் பிடிச்ச மாதிரியே மடங்கி இருந்துச்சு. "அம்மாவுக்குக் காட்சி நல்லாத் தெரியணும்னு மேல் டெக்ல, முன்பக்கமாப் பார்த்து எடுத்தேன் சிஸ்டர்"னார் மகன். ஆசையாத்தான் எடுத்திருக்கார். இருக்கிறதுலயே அதிகமா ஆடுற இடம் அதுதான்.

முன்னும் பின்னும் ஆடும்போது கப்பல் சீசா பலகை மாதிரி. நுனியில் ஏத்தம் இறக்கம் அதிகம், நடுவுல குறைவு. உயரத்துல இருந்தா பக்கவாட்டு ஆட்டமும் சேர்ந்துக்கும். அதனால நடுப்பகுதி, கீழ்த்தளம், முடிஞ்சா ஜன்னல் உள்ள அறை. அடிவானத்தைப் பார்த்துட்டே இருந்தா தலைச்சுத்தல் குறையும். கப்பலோட ரெண்டு பக்கமும் தண்ணிக்குள்ள நீளுற ஸ்டெபிலைசர் பக்கவாட்டு ஆட்டத்தை நல்லாவே குறைக்கும், முன்பின் ஆட்டத்தை அதால ஒண்ணும் பண்ண முடியாது. "பெரிய கப்பல், ஆடவே ஆடாது"ன்னு யாராவது சொன்னா இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பாதையும் மாசமும் முக்கியம். மலாக்கா நீரிணை சுமத்ரா மறைப்புல இருக்கு, சிங்கப்பூர்–பினாங்கு பெரும்பாலும் அமைதியா இருக்கும். அதே சிங்கப்பூர்லேர்ந்து டிசம்பர், ஜனவரியில வியட்நாம் பக்கம் போனா வடகிழக்குப் பருவக்காத்துல தென்சீனக் கடல் நல்லா ஆடும். சென்னையிலேர்ந்து அம்பாந்தோட்டை போற பயணத்துல ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் இலங்கையோட தென்கோடியில தென்மேற்குப் பருவ அலை இருக்கும்.

மாத்திரை வாந்தி வந்த பிறகு போடுறதில்லை, வயித்துல தங்காது. அவோமின் மாதிரி மாத்திரைன்னா முந்தின ராத்திரியே போடணும். தூக்கம் வரும். கண்ணழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம தொடக்கூடாது. வாந்தி நிக்கலைன்னா கிளினிக்ல ஊசி போடுவாங்க. அது அறைக் கணக்குல ஏறும், இன்சூரன்ஸ்ல பிறகுதான் திரும்பக் கேட்கணும்.

கிளினிக் முதலுதவிக்கும் அவசரத்துக்கும்தான். சாதாரணமா டயாலிசிஸ் கிடையாது. வீட்டுலயே வயித்து வழியா டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கலாம். அறையில இருக்கிற குட்டி ஃப்ரிட்ஜ் பல கப்பல்ல வெறும் குளிர்பெட்டி, இன்சுலினுக்குத் தனி மருத்துவ ஃப்ரிட்ஜ் கேளுங்க. இன்சூரன்ஸ்ல 'மருத்துவ வெளியேற்றம்'னு தனி வரி இருக்கான்னு பாருங்க, ஹெலிகாப்டர் செலவு அதுலதான் வரும். கர்ப்பிணிகளைப் பயணம் முடியறதுக்குள்ள 24ஆவது வாரம் தொடங்கிடும்னா பெரும்பாலான நிறுவனங்கள் ஏத்தாது. கைக்குழந்தைன்னா 6 மாசம் ஆகியிருக்கணும், தொடர்ந்து பல நாள் கடல்லயே போற நீண்ட பயணத்துக்கு 12 மாசம். டயப்பர் போட்ட குழந்தையைப் பல கப்பல்ல நீச்சல் குளத்துல இறக்க விடமாட்டாங்க.

கையை சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவுங்க. கப்பல்ல பரவுற நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் சரியா வேலை செய்யாது.

ரகு, கப்பல் சமையலறை

சைவச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஒரு மாமி பஃபேயை முழுக்கச் சுற்றி வந்தார். தட்டில் இரண்டு பன், தர்பூசணித் துண்டு. மூன்றாம் நாளும் அதுவே. இரண்டு டெக் கீழே மெயின் டைனிங்கில் தினமும் பருப்பு, சப்பாத்தி, ஒரு காய் செய்துகொண்டிருந்தோம், கேட்டவர்களுக்கு மட்டும். அங்கே போய்க் கேட்கலாம் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

பதிவின்போதே உணவுக் குறிப்பு எழுத வேண்டும். அது போதாது. முதல் நாள் மாலை மெயின் டைனிங்கில் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு முட்டை உண்டா இல்லையா, வெங்காயம் பூண்டு உண்டா இல்லையா என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர் மறுநாளைக்கான ஆர்டரை அப்போதே எடுப்பார். சாப்பிடும் நேரத்தில் வந்து நின்று கேட்டால் சமையலறையால் முடியாது, ஒரு நாள் முன்னால் சொன்னால் முடியும். தயிர்சாதம் வேண்டுமென்றால் வெறும் சோறும் இனிப்பில்லாத யோகர்ட்டும் கேளுங்கள், எப்போதும் இருக்கும்.

பஃபேயில் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த சாறு, கீரை வதக்கலில் சிப்பியில் செய்த ஆய்ஸ்டர் சாஸ், பப்பாளி சாலட்டில் மீன் சாஸ், மூஸ் வகை இனிப்பில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். பொரிக்கும் எண்ணெயும் பெரும்பாலும் ஒன்றே.

கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஸ்கேனிலேயே எடுத்துவைத்துக் கடைசி நாள் தருவார்கள். வீட்டில் செய்த புளிக்காய்ச்சலும் போகாது. கம்பெனி சீல் உடையாத ஊறுகாய், பொடிப் பாக்கெட் பெரும்பாலும் போகும், ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரையில் அதை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

தமிழரசி, ஈப்போ

மீனா அக்கா, உங்க அக்கறை புரியுது, ஆனா அதைப் படிச்சிட்டு ஒரு குடும்பம் பயந்து வீட்டுலயே இருந்திடக் கூடாது. நடக்க முடியாத பத்து வயசுப் பையன் ஒருத்தனைக் கப்பல்ல பார்த்தேன். பினாங்கை விட்டுக் கப்பல் நகர்றப்போ கண்ணாடிச் சுவர்கிட்ட சக்கர நாற்காலி, ஃபுட்ரெஸ்ட் கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு ஒட்டி. கரை விலகுறதைப் பார்த்து "நாமதானே போறோம்?"னு திரும்பத் திரும்பக் கேட்டான். அவங்க அம்மா சொன்னாங்க, வேற எந்தச் சுற்றுலாவிலயும் தினம் கார்ல தூக்கி ஏத்தி, இறக்கி, புது ஓட்டல் கழிவறையைப் பார்த்துப் பயப்படணும், இங்க ஒரே அறை, ஊரு தானா வருதுன்னு. இவங்களுக்குக் கப்பலைவிட ஒத்துவர்ற பயணம் எது?

ஆனா சரியான அறை கிடைக்கணும். சாதாரண கேபின் கதவு 23 அங்குலம் போலத்தான், பெரியவங்க நாற்காலி 24, 25 அங்குலம். உள்ளேயே போகாது, தாழ்வாரத்துலயும் நிறுத்த விடமாட்டாங்க, தீ விபத்துன்னா எல்லாரும் வெளியேறுற வழி அது. மாற்றுத்திறனாளி அறைன்னா கதவு 32 அங்குலமாவது இருக்கும், படி இருக்காது, குளியலறைக்குள்ள அப்படியே உருட்டிட்டுப் போகலாம். பெரிய கப்பல்லயும் இது சில டஜன்தான், அதனால பல மாசம் முன்னாடியே எடுக்கணும். நிறுவனமே அறை ஒதுக்குற மலிவு டிக்கெட்டைத் தொடவே தொடாதீங்க.

டெண்டர் ஊர் இருக்கிற பயணத்தைத் தவிருங்க. அலை கொஞ்சம் எழும்பினாலே நாற்காலியைப் படகுல ஏத்த மாட்டாங்க, மோட்டார் நாற்காலின்னா பல ஊர்ல கிடையவே கிடையாது. பாதுகாப்புப் பயிற்சிக்கு முன்னாடியே உதவி வேணும்னு பதிவு பண்ணுங்க. ஆபத்துல லிஃப்ட் ஓடாது, படியில இறக்க ஆளும் தனி நாற்காலியும் அவங்க ஒதுக்கணும். 2012ல கோஸ்டா கான்கார்டியா சுற்றுலாக் கப்பல் கவிழ்ந்த பிறகு விதியை மாத்தி, கப்பல் கிளம்புமுன்னயோ கிளம்பின உடனேயோ அந்தப் பயிற்சி நடந்தாகணும்னு ஆக்கிட்டாங்க. அதைத் தட்டிக்கழிக்காதீங்க.

பாரி

தனியாகப் போகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசிக் காலை, கவுண்டர் வரிசை, இருபத்தைந்து வயதுப் பையன் பில்லின் ஒரே வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். 'கடல்வழி ரோமிங்'. அவன் ஒரு போன்கூடப் பேசவில்லை. பையில் கிடந்த போன் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்து, ஆப்களைத் தானே அப்டேட் செய்திருக்கிறது. கரையை விட்டதும் ஃப்ளைட் மோடு போடுங்கள், பிறகு வைஃபை மட்டும் திறங்கள்.

தனி ஆளுக்குக் கணக்கே வேறு. விளம்பர விலை ஒரு அறையில் இருவர் என்று வைத்துப் போட்டது. ஒருவர் போனால் பல நிறுவனங்களில் இருவர் கட்டணத்தையும் கட்ட வேண்டும், மிச்சமாவது இன்னொருவரின் துறைமுக வரியும் டிப்ஸும் மட்டும்தான். 2010இல் வந்த நார்வீஜியன் எபிக் போலத் தனியாளுக்கென்றே சிற்றறை வைத்த கப்பல்கள் உண்டு, பதிவு தொடங்கியதுமே பார்த்தால் கிடைக்கும்.

டிப்ஸ் தானாகவே சேரும், பல நிறுவனங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர். நான்கு பேர், நான்கு இரவு என்றால் 256 டாலருக்குக் குறையாது. குடிக்கும் பானத்தில் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் தனி. டெபிட் கார்டு கொடுத்தால் ஒவ்வொரு நாளும் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள், இறங்கிய பிறகும் சில நாள் அந்தப் பணம் முடங்கியிருக்கும். கிரெடிட் கார்டோ ரொக்க டெபாசிட்டோ கொடுங்கள். தினமும் இரவு டிவியிலோ ஆப்பிலோ பில்லைப் பாருங்கள். தப்பு இருந்தால் அன்றே கவுண்டருக்குப் போய்விடுங்கள், கடைசிக் காலையில் அந்த வரிசை மாடிப்படி வரை நீளும்.