ஃப்ரெண்ட்ஷிப் பீக் ஏறப் போறவங்களுக்கு: கிராம்பான், ஓடை, நேரக் கணக்கு

பேர்ல ஃப்ரெண்ட்ஷிப் இருக்குன்னு லேசா எடுத்துக்காதீங்க. இமாச்சலத்துல மணாலி பக்கத்துல இருக்கிற இந்தப் பனிச்சிகரத்தோட உயரம் 5,289 மீட்டர். மணாலி 2,050. துந்தி வரைக்கும் வண்டி போகும், அங்கிருந்து நடை. பக்கர்தாச் புல்வெளி சுமார் 3,300, அதுக்கு மேல லேடி லெக் கேம்ப் 3,800-ஐ ஒட்டி. கடைசி நாள் மட்டும் 1,400 மீட்டருக்கு மேல ஏறி, அதே நாள் இறங்கணும். மணாலியில தூங்கிட்டு மறுநாளே பக்கர்தாச்சுல படுத்தா 1,250 மீட்டர் ஒரே தாவல். தலைவலியும் வாந்தியும் அங்கேயே ஆரம்பிச்சிடும். நடுவுல சோலங்ல ஒரு ராத்திரி, பக்கர்தாச்சுல ரெண்டு ராத்திரி வெச்சுக்கோங்க. 3,000-க்கு மேல படுக்கிற உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல கூடாம பார்த்துக்கறது நல்லது.

—

அந்தக் கூடுதல் நாள் பனிக்காகவும் வேணும். புதுப்பனி விழுந்தா ஒன்று, ரெண்டு நாள் மேலே போகாதீங்க. பனிச்சரிவு அதிகம் நடக்கிறது 30 முதல் 45 டிகிரி சாய்வுலதான், கேம்ப்புக்கு மேல அந்தச் சாய்வுக்குப் பஞ்சமில்லை.

ராத்திரி ஒன்று, ஒன்றரைக்குக் கிளம்பணும். விடியறதுக்கு முன்னால பனி கல்லு மாதிரி இறுகியிருக்கும், கிராம்பான் (ஷூ அடியில மாட்டற இரும்புப் பல்லு) கச்சிதமா கடிக்கும். வெயில் ஏறிட்டா முழங்கால் வரைக்கும் புதையும். காலை பத்து மணிக்கு உச்சி கைக்கெட்டாட்டி திரும்பிடுங்க. உச்சி தெரியுதேன்னு இன்னும் ஒரு மணி நேரம் இழுக்கறவங்கதான் மாட்டறாங்க.

—

கிராம்பானைப் பத்தி ஒரு வார்த்தை. வாடகைக்கு எடுத்தா ஷூவையும் கையோட கொண்டு போய் மாட்டிப் பாருங்க. வாரை இறுக்காமலே ஷூவைத் தூக்கி உதறினா அது கழன்று விழக்கூடாது. விழுந்தா முன்பாதியையும் பின்பாதியையும் இணைக்கிற நடுப்பட்டை நீளம் தப்பு. முன்பல் ரெண்டும் ஷூ நுனியைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கணும். இறுக்கின பிறகு தொங்கற வார் நுனியை மடிச்சுச் செருகிடுங்க. அடுத்த காலோட பல்லு அதுல மாட்டித்தான் பாதிப் பேர் விழறாங்க. பேன்ட் அகலமா தொளதொளன்னு இருந்தாலும் அதே கதி, பேன்ட் கீழ்ப்பாகத்தை ஷூவோட சேர்த்து மூடற கெய்ட்டர் உறை கட்டாயம்.

ஈரப்பனி அடியில உருண்டையா ஒட்டிக்கும். அப்போ பல்லு இருந்தும் இல்லாத மாதிரிதான். ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) கம்பால ஷூ பக்கவாட்டுல தட்டித் தட்டி உதறிக்கிட்டே இறங்கணும். அடியில ரப்பர் தட்டு இருக்கிற கிராம்பான் கிடைச்சா விடாதீங்க.

—

பனி மாதிரி ஓடைக்கும் நேரம் உண்டு. பியாஸ் குண்ட் ஏரிப் பக்கத்து ஓடைகள்ல காலையில கணுக்கால் அளவு இருக்கிற தண்ணி சாயங்காலம் தொடை வரைக்கும் வரும். மேலே உருகினது கீழே வந்து சேர சில மணி நேரம் ஆகுமில்லையா, அதனால வெயில் தணிஞ்ச பிறகும் ஏறிக்கிட்டே இருக்கும். குறுகலான இடம் கிட்டக்கன்னு தோணும், ஆனா ஆழமும் வேகமும் அங்கதான். அகலமா பிரிஞ்சு ஓடற இடமா பாருங்க. பையோட இடுப்புப் பட்டையைக் கழட்டிட்டு, கம்பை நீர் வர்ற பக்கம் ஊன்றி, ஒரு நேரத்துல ஒரு கால். அடியில கல்லு உருளற சத்தம் கேட்டா இறங்கவே வேண்டாம்.

—

ஷூ நனையும்னு சிலர் வெறுங்காலோட இறங்கறாங்க. அந்தக் குளிர்ல ஒரு நிமிஷத்துல பாதம் மரத்துடும், எங்க வைக்கிறோம்னே தெரியாது. பின்வார் உள்ள செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கோங்க. ரப்பர் சப்பல் தண்ணியோட போயிடும்.

—

அடுப்பு கேஸ் விஷயம்: சாதாரண பியூட்டேன் பூஜ்ய டிகிரிக்குக் கிட்டவே ஆவியாகாம நின்னுடும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த சிலிண்டர் வாங்குங்க, ராத்திரி ஸ்லீப்பிங் பைக்குள்ள வெச்சுக்கோங்க. பனியை உருக்கும்போது பாத்திரத்துல முதல்ல அரை டம்ளர் தண்ணி விடணும். வெறும் பனியைப் போட்டா அடி தீய்ஞ்சு, தண்ணியே புகை வாசம் அடிக்கும்.