புதுப்பிப்பு: வட்டவடையில் மூன்று இரவுகள்

மூணாறில் தங்குவதா, அங்கிருந்து ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவிலுள்ள வட்டவடையில் தங்குவதா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்னபடி வட்டவடைக்கே சென்று திரும்பிவிட்டோம்.

வழியிலுள்ள டாப் ஸ்டேஷன் என்ற மலைக்காட்சி முனையைத் தாண்டியதும் சாலை பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவின் ஊடாகவே செல்கிறது. வெறும் 1.32 சதுர கி.மீ. பரப்பில் கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்காவாக இருந்தாலும், நண்பகலிலும் வெயில் தரை தொடாத அந்தச் சோலைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டனர். வழியில் வண்டியை நிறுத்த அனுமதியில்லை. இருட்டுவதற்குள் சோதனைச் சாவடியைக் கடந்துவிடுங்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்த அறிவுரைதான் மிகவும் பயன்பட்டது. அதைப் பொருட்படுத்தாமல் மூணாறிலேயே மாலை வரை சுற்றியிருந்தால் எங்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

மொழி குறித்த என் கவலை வீணானது. தலைமுறைகளாக அங்கு வேளாண்மை செய்வோரின் வீட்டுமொழி தமிழே. புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டைப் படிக்கட்டு வயல்களில் விளைவிக்கும் ஒரு பாட்டி, "கீழ்நாட்டுப் பூண்டு மாதிரி நினைச்சு அள்ளிப் போட்டுராதே தாயி, இது காரம்" என்று எச்சரித்தே விற்றார். ரசத்தில் போட்டபோது அவர் சொன்னது மெய்யானது.

விடுதி சுமார்தான், வெந்நீர் ஒருநாள் வரவேயில்லை. நீலக்குறிஞ்சி பற்றிக் கேட்டவர்களுக்கு: 2018இல் பூத்தது, இனி 2030இல்தான்.