புதுப்பிப்பு: உள்பக்க பேரிங் ஏன் தூக்குது?

நான் டிசைன் செய்யும் வளைவான பாலம் பற்றிப் போன வாரம் கேட்டிருந்தேன்: 40 மீட்டர் ஸ்பான் (தாங்கிகளுக்கு இடையிலான நீளம்), வளைவின் ஆரம் 80 மீட்டர், 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு எஃகு கர்டர்கள் (பாலத்தைச் சுமக்கும் பெரிய உத்திரங்கள்). வண்டி வெளி லேனில் ஏறினால் உள்பக்க பேரிங் (கர்டரின் முனை உட்காரும் தாங்கி) மேலே தூக்குவதாக மென்பொருள் காட்டுகிறது, அது தவறா என்று. தவறே இல்லை.

சனிக்கிழமை கொடுங்கையூரில் தெரிந்த அண்ணன் ஒருவரின் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்குப் போனேன். வளைத்த பட்டைக் கம்பி ஒன்றை இரண்டு செங்கல் மேல் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். அடுத்த நொடியே வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. "எடை நடுவுல இல்ல தம்பி, வெளியில நிக்குது," என்றார்.

வீட்டுக்கு வந்து கையாலேயே கணக்குப் போட்டேன். வளைவின் நடுப்பகுதி நாணிலிருந்து (இரு முனைகளையும் இணைக்கும் நேர்க்கோட்டிலிருந்து) 2.5 மீட்டர் வெளியே இருக்கிறது, எடையின் மையம் சுமார் 1.67 மீட்டர் வெளியே. வெளிப்பக்க பேரிங்கோ அந்தக் கோட்டிலிருந்து 2 மீட்டரில்தான் இருக்கிறது. அப்படியென்றால் பாலத்தின் சொந்த எடையில் உள்பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் 8 சதவீதம்தான்! வெளி லேனில் லாரி வந்தால் அது போதாது.

பேரிங்குகளை அகலமாகத் தள்ளி வைக்கப் போகிறேன். அதோடு இரண்டு கர்டர்களையும் குறுக்கே பிணைக்கும் கிராஸ் ஃபிரேமையும் மறுபடி டிசைன் செய்கிறேன். நேர்ப் பாலத்தில் அது பெரும்பாலும் துணை உறுப்பு. வளைவில் முறுக்கைச் சுமக்கும் முதன்மை உறுப்பே அதுதான், இதை நான் லேசாக எடுத்திருக்கக் கூடாது. அப்புறம், கர்டர்களை மேலே ஏற்றி வைக்கும்போது ஒற்றைக் கர்டரைத் தனியே விட மாட்டோம், அந்தப் பட்டைக் கம்பி மாதிரி சாய்ந்துவிடும். தரையிலேயே இரண்டையும் பிணைத்து ஜோடியாகத்தான் ஏற்றுவோம்.